ஒகேனக்கலிலிருந்து கே.ஆர்.பி. அணை வரை: கேரவன் வண்டியில் இடம் மாறும் நாளுக்கு ஒரு வழிகாட்டி

படுக்கை, சமையல் மேடை, கழிவறை எல்லாம் உள்ளேயே கொண்ட கேரவன் வண்டியைப் புதிதாக வாங்கியவர்களும் வாடகைக்கு எடுத்தவர்களும் முதலில் கேட்கும் கேள்வி, ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் போகலாம் என்பதுதான். முதல் சில பயணங்களில் நூறு கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஓரிடத்தில் இரண்டு மூன்று நாள் தங்கி, சமைத்து, துணி துவைத்துக் காயப்போட்டு, பிள்ளைகளின் பொருள்கள் நாலாபுறமும் பரவிக் கிடக்கும் ஒரு சிறு வீட்டை மூட்டைகட்டி, மலைப்பாதையிலும் நெடுஞ்சாலையிலும் ஓட்டிச் சென்று, வெளிச்சம் இருக்கும்போதே இன்னோரிடத்தில் மீண்டும் விரித்து வைப்பதற்கு ஒரு பகல் முழுவதும் வேண்டியிருக்கிறது. அந்த வேலைகளில் ஓட்டுவது எளிதான பகுதி. வண்டி நகர்வதற்கு முந்தைய ஒரு மணி நேரத்திலும், நின்ற பிறகு வரும் அரை மணி நேரத்திலும்தான் பெரும்பாலான சேதங்கள் நிகழ்கின்றன.

எடுத்துக்காட்டாக ஒகேனக்கலிலிருந்து கிளம்பி, பென்னாகரம், தருமபுரி, காவேரிப்பட்டணம் வழியாக, கே.ஆர்.பி. அணை எனப்படும் கிருஷ்ணகிரி அணைப் பகுதியில் ஒரு மாந்தோப்பில் தங்கும் நாளை எடுத்துக்கொள்கிறேன். நூறு கிலோமீட்டருக்கும் குறைவான இந்தப் பாதையில் மலை ஏற்றம், புளியமரச் சாலை, நகர நெரிசல், நான்குவழி நெடுஞ்சாலை, தோப்புக்குள் செல்லும் மண்பாதை ஆகிய எல்லாமே வந்துவிடுவதால், கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாதை இந்தப் பக்கத்தில் இல்லை.

முந்தைய நாள் மாலை

கேரவன் வண்டிகளுக்கென்றே அமைத்த முகாம்கள் நம் பக்கம் மிகக் குறைவு. விடுதி வளாகத்திலோ தோட்டம் தோப்பு வைத்திருப்பவர்களின் இடத்திலோ அனுமதி பெற்றுத்தான் நிறுத்த வேண்டியிருக்கும். ஆகவே அடுத்த இடத்தின் உரிமையாளரிடம் முந்தைய மாலையே தொலைபேசியில் பேசிவிடுங்கள். "இடம் இருக்கிறதா" என்று மட்டும் கேட்டால் "வாங்க, தாராளமா இருக்கு" என்றுதான் பதில் வரும். லாரி உள்ளே வந்து திரும்பிப் போக முடியுமா, வழியில் கிளையோ மின்கம்பியோ தாழ்வாகத் தொங்குகிறதா, மழை பெய்திருந்தால் தரை இறுகி இருக்கிறதா, கழிப்பறையைப் பயன்படுத்தலாமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மாம்பழக் காலமானால் அறுவடை லாரி எந்நேரம் வரும் என்பதையும் கேட்க வேண்டும். வழியில் நிற்கும் உங்கள் வண்டியால் ஒருவருடைய ஓராண்டு விளைச்சல் மண்டிக்குப் போவது தாமதமாகக் கூடாது.

காவிரிக் கரைக்கு அருகில் தங்கியிருப்பவர்கள், குறிப்பாகத் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிய பிலிகுண்டுலுவில் அளவிடப்படும் நீர்வரத்தைக் காலையும் மாலையும் செய்தியில் பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ள வேண்டும். கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்தால் நம் தலைக்கு மேல் ஒரு துளி மழைகூடப் பெய்யாமலே ஆறு ஏறும். நீர்வரத்து கூடுகிறது, பரிசலை நிறுத்திவிட்டார்கள் என்ற செய்தி வந்தால், மறுநாள் காலைவரை காத்திராமல் வெளிச்சம் இருக்கும்போதே வண்டியை மேட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

அடுத்தது தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால், 150 லிட்டர் தொட்டியை நிரப்பினால் இரண்டு பெரியவர்களைக் கூடுதலாக ஏற்றியதற்குச் சமம். போகும் இடத்தில் தண்ணீர் உறுதி என்றால் கால் தொட்டி போதும். மலை ஏறும் வண்டிக்கு அது பெரிய உதவி. ஆனால் அரைத் தொட்டியோடு கிளம்பும் வழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை. தடுப்புப் பலகை இல்லாத தொட்டியில் பாதித் தண்ணீர் வளைவுக்கு வளைவு அலைந்து வண்டியைச் சாய்க்கும்.

எந்தத் தண்ணீரை நிரப்புகிறோம் என்பதும் இந்த இரண்டு மாவட்டங்களில் முக்கியம். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அளவுக்கு மேல் இருக்கிறது. பற்களில் பழுப்புக் கறையும் எலும்பு பாதிப்பும் தலைமுறைகளாக இங்கே இருந்துவருவதற்கு அதுவே காரணம். 2013இல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் இதற்காகவே கட்டப்பட்டது. ஓரிரு நாள் போர் தண்ணீர் குடித்ததால் எதுவும் ஆகிவிடாது. ஆனால் வாரக்கணக்கில் சிறு பிள்ளைகளோடு இந்தப் பக்கம் சுற்றுபவர்கள், குழாயைத் திறக்கும் முன் "இது ஒகேனக்கல் தண்ணிங்களா, போர் தண்ணிங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்; ஊரில் எல்லோருக்கும் அந்த வேறுபாடு தெரியும். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும். சாதாரணக் கரி வடிகட்டியும் உதவாது, ஆர்.ஓ. கருவி நீக்கும். பெரிய தொட்டித் தண்ணீரைக் குளிக்கவும் கழுவவும் வைத்துக்கொண்டு, குடிநீருக்குத் தனியாக இரண்டு கேன் வைத்திருப்பது எளிய வழி.

கழிவறையின் கழிவு சேரும் பெட்டியை முந்தைய மாலையே காலி செய்துவிடுங்கள். ஆற்றிலோ ஏரியிலோ வாய்க்காலிலோ காட்டோரப் பள்ளத்திலோ கொட்டுவது எந்த நிலையிலும் கூடாது. கீழே அதே நீரில் குளிப்பவர்களும் ஆடுமாடு ஓட்டிவருபவர்களும் இருக்கிறார்கள். தங்கிய இடத்துக் கழிப்பறையில், உரிமையாளரின் அனுமதியோடு, சிறுகச் சிறுக ஊற்றி நிறையத் தண்ணீர் விட வேண்டும். ஃபார்மாலின் கலந்த கழிவறை மருந்தும் பிளீச்சிங் பவுடரும் செப்டிக் தொட்டியில் கழிவை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும் என்பதால், மக்கும் வகை மருந்தையே வாங்குங்கள். பாத்திரம் கழுவிய நீரையும் வடிகட்டி, கழிவுநீர்க் குழியில் விடுங்கள்.

காலையில் வண்டிக்கு உள்ளே

ஒகேனக்கலில் குரங்குகள் மிகுதி. கதவையும் ஜன்னலையும் திறந்துபோட்டு மூட்டைகட்டினால், வெளியே கேபிளைச் சுருட்டித் திரும்புவதற்குள் வாழைப்பழச் சீப்பு மரத்தில் இருக்கும். ஒரு நேரத்தில் ஒரே கதவு மட்டும் திறந்திருக்கட்டும்.

உள்வேலையைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி, ஒவ்வொரு முறையும் அதே வரிசையில் செய்யுங்கள். படுக்கை, குளியலறை, சமையல் மேடை, மேசை, ஓட்டுநர் இருக்கை என்று வந்தால், முடித்த பகுதிக்கு மறுபடி போகத் தேவையிருக்காது. ஒருவர் முடித்ததை மற்றவர் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கண்ணால் பார்ப்பது போதாது. அலமாரிக் கதவு மூடியதுபோலத் தெரியும், கொக்கி விழுந்திருக்காது. குளிர்பெட்டிக் கதவு இதில் மிக மோசம். கேரவன் வண்டிக் குளிர்பெட்டிகளில் பயணத்துக்கென்று தனிப் பூட்டு இருக்கும். அதைத் தள்ளி "டக்" என்ற ஒலி கேட்ட பிறகு, கைப்பிடியைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பால், தயிர், குழம்புப் பாத்திரம் மூன்றையும் மூடி இறுகும் டப்பாக்களுக்கு மாற்றிக் கீழ்த்தட்டில் வையுங்கள். முதல் வேகத்தடையில் தயிர் கொட்டினால் அந்த வாடை மாதக் கணக்கில் போகாது. இரும்புத் தோசைக்கல், குக்கர், மிக்சி போன்ற கனமானவற்றைத் தரையோடு ஒட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். தலைக்கு மேலுள்ள அலமாரியில் துணியும் போர்வையும் மட்டுமே இருக்கலாம்.

எரிவாயுவில் எந்தச் சலுகையும் கொடுக்காதீர்கள். அடுப்புத் திருகை மூடுவது மட்டும் போதாது. சிலிண்டர் தலையில் இருக்கும் ரெகுலேட்டரையும் அணைத்த பிறகே வண்டி நகர வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்து நின்று, பட்டையால் இறுகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழே இறங்கித் தேங்கும். அதற்காகத்தான் சிலிண்டர் பெட்டியின் அடியில் துளை விட்டிருக்கிறார்கள். அந்தத் துளையைச் செருப்பு, கோணிப்பை எதனாலும் அடைக்காதீர்கள். கிளம்பும் நாளில் சோப்புத் தண்ணீரைக் குழாயின் இணைப்புகளில் தடவி, குமிழி வருகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். குளிர்பெட்டி எரிவாயுவில் ஓடும் வகை என்றால் அதைப் பேட்டரிக்கு மாற்றிவிடுங்கள். சுடர் எரிந்துகொண்டிருக்கும் வண்டியோடு பெட்ரோல் பங்க்குக்குள் நுழைவது பேராபத்து. தண்ணீர் மோட்டாரின் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். வழியில் ஒரு குழாய் இணைப்பு கழன்றால் மோட்டார் தொட்டி முழுவதையும் வண்டிக்குள் இறைத்துவிடும்.

வண்டி ஓடும்போது பிள்ளைகள் பின்படுக்கையில் படுத்துவரலாம் என்ற ஆசையை அனுமதிக்காதீர்கள். பெல்ட் உள்ள இருக்கையில்தான் எல்லோரும் உட்கார வேண்டும்.

வெளியே ஒரு சுற்று

மின்கேபிளைக் கழற்றும்போது முதலில் வண்டிக்குள் இருக்கும் பிரேக்கரை அணைத்து, பிறகு சுவரில் உள்ள பிளக்கைப் பிடுங்கி, கடைசியாக வண்டியின் பக்கத்தைக் கழற்றுங்கள். தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாயின் மூடி, வெயில் மறைப்பு, ஏணிப்படி, கூரை ஜன்னல், கொடியில் கிடக்கும் துண்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, சக்கரக் கட்டையைக் கடைசியில் எடுங்கள். எடுத்த கட்டையை ஓட்டுநரின் காலடிக்குக் கொண்டுவந்து காட்டுவது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால் கட்டை ஒருபோதும் அந்த இடத்திலேயே தங்கிவிடாது.

டயரின் காற்றை, வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓட்டுநர் கதவோரப் பட்டியலில் உள்ள அளவே சரியானது. வெயிலில் ஓடி வந்த டயரில் அழுத்தம் கூடியிருப்பது இயல்பு; அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். கேரவன் வண்டிகள் ஓடுவதைவிட நிற்பதே அதிகம் என்பதால், தரையில் படும் பட்டன் தேயாமல் இருந்தும் ரப்பர் முதிர்ந்து வெடிப்பு விட்டிருக்கும். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும்; பழைய வண்டி வாங்கியவர்கள் முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

வண்டியின் உயரத்தை, கூரை மேல் ஏ.சி., சோலார் தகடு எது மிக உயரமோ அதுவரை அளந்து, அடியிலும் மீட்டரிலும் எழுதி ஸ்டியரிங் எதிரே ஒட்டிவையுங்கள். மொத்த எடையையும் ஒருமுறை அறிந்துவையுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி நெடுஞ்சாலை ஓரங்களில் எடை மேடைகள் உண்டு. தண்ணீர், டீசல், ஆட்கள், பாத்திரம் பண்டம் எல்லாவற்றோடும் ஏற்றி, முதலில் முன்சக்கரங்களை மட்டும், பிறகு முழு வண்டியையும் நிறுத்திச் சீட்டு வாங்குங்கள். ஆர்.சி.யில் உள்ள அளவைத் தாண்டியிருந்தால் எதை இறக்கலாம் என்று யோசிக்க வேண்டியதுதான்.

மலைப்பாதை

ஒகேனக்கலிலிருந்து பென்னாகரம் நோக்கி ஏறும்போது ஏ.சி.யை அணைத்து, கியரை முன்கூட்டியே குறைத்து, எஞ்சின் சூட்டு முள்ளைக் கவனித்துக்கொண்டே நிதானமாக ஏறுங்கள். பின்னால் பேருந்து வந்தால் அகலமான இடத்தில் ஒதுங்கி வழிவிடுங்கள். அவசரப்படுத்தும் ஒலிப்பானுக்காக வேகம் கூட்ட வேண்டாம். கொண்டை ஊசி வளைவில் பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்ளே வெட்டும் என்பதையும், வண்டியின் வால் எதிர்ப்பக்கம் வீசும் என்பதையும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே திரும்ப வேண்டும்.

ஏறுவதைவிட இறங்குவது ஆபத்து. இதே பாதையில் ஒகேனக்கலுக்கு இறங்குபவர்களும், தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாயில் இறங்குபவர்களும், எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். திரவம் கொதித்தால் மிதி தரையோடு போய்விடும். டீசல் மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்கும் கனரக வண்டிகளால் தொப்பூரில் எத்தனையோ உயிர்கள் போயிருக்கின்றன. அத்தகைய வண்டி பின்னால் வரக்கூடும் என்ற நினைவோடு இடப்பக்கத் தடத்திலேயே செல்லுங்கள். இறங்கி முடித்ததும் சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாமல் தானாக ஆற விடுங்கள்.

ஒகேனக்கலிலிருந்து அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூர் போகும் காட்டுப்பாதை அழகானதுதான். ஆனால் காவிரி வடக்கு வனவுயிரினச் சரணாலயத்தை ஒட்டிய அந்தப் பகுதியில் யானை நடமாட்டம் உண்டு; வண்டியைத் திருப்ப இடமில்லாத வளைவில் யானையைச் சந்தித்தால், நீளமான வண்டியைப் பின்னால் எடுப்பது பழகிய ஓட்டுநருக்கே கடினம். புதியவர்கள் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அதுவும் நல்ல பகலில் மட்டும்.

புளியமரச் சாலையும் நெடுஞ்சாலையும்

இப்பகுதியின் பழைய சாலைகளில் ஓரத்துப் புளியமரங்கள் நிழல் தரும், கூரையையும் கிழிக்கும். பேருந்து ஓடும் சாலையில் பேருந்துகளே உரசி உரசிக் கிளைகளை ஓர் உயரத்துக்கு ஒடித்து வைத்திருப்பதால் பெரும்பாலும் கவலையில்லை. ஆனால் எதிரே வரும் லாரிக்காக இடப்பக்கம் மண்ணில் இறங்கி ஒதுங்கும்போது அந்தக் காப்பு இருக்காது. ஒதுங்கும் முன் மேலே ஒரு பார்வை பாருங்கள். ஊருக்கு ஊர் வேகத்தடை வரும், பலவற்றில் வெள்ளைக்கோடு அழிந்திருக்கும். வீடுகள் தென்படத் தொடங்கியதுமே வேகத்தைக் குறைத்து, இரண்டாம் கியரில் ஏறி இறங்கினால், வால்பகுதி தரையில் உரசாது, உள்ளே பாத்திரமும் உருளாது. பாலக்கோட்டுப் பக்கம் திரும்புகிறவர்கள் கரும்பு வெட்டும் காலத்தில், பின்விளக்கில்லாமல் இருட்டில் போகும் டிராக்டர்களை எதிர்பார்க்க வேண்டும். மாலைக்கு முன் பயணத்தை முடித்துவிடுவதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

தருமபுரியில் டீசல், காய்கறி, பால் வாங்கிக்கொண்டு சாப்பிட்டுவிடலாம். அதன்பின் தேசிய நெடுஞ்சாலை 44. மணிக்கு அறுபது, எழுபது கிலோமீட்டருக்கு மேல் தேவையில்லை. உயரமான வண்டியைக் கன்டெய்னர் லாரி முந்தும்போது முதலில் வெளியே தள்ளிப் பிறகு உள்ளிழுக்கும். ஸ்டியரிங்கை இரு கையாலும் பிடித்திருந்தால் போதும், எதிர்த்துத் திருப்ப வேண்டாம். எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டிகளும், ஓரத்தில் விளக்கின்றி நிற்கும் லாரிகளும் இந்தச் சாலையில் சாதாரணக் காட்சி. சேலம் பக்கம் பாளையத்திலும், ஓசூர் பக்கம் கிருஷ்ணகிரியிலும் சுங்கச்சாவடிகள் உள்ளன. ஃபாஸ்டேக்கில் பதிவான வாகன வகை ஆர்.சி.யோடு பொருந்துகிறதா என்று முன்கூட்டியே பார்த்துவையுங்கள். பழுதாகி நின்றால் நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108.

காவேரிப்பட்டணத்தைத் தாண்டியதும் அணைக்குப் பிரியும் இடத்துக்கு முன்பே சர்வீஸ் சாலைக்கு இறங்கிவிடுங்கள். தவறவிட்டால் பின்னால் எடுக்காமல், அடுத்த பாலத்தடியில் திரும்பி வாருங்கள்.

தோப்பை அடைந்த பிறகு

மாலை நான்கு மணிக்குள் சேர்ந்துவிட வேண்டும். வண்டியைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு, உரிமையாளரோடு நடந்து உள்ளே போய்ப் பாருங்கள். மாமரக் கிளைகள் காய்ப்புக் காலத்தில் பாரத்தால் நெஞ்சளவுக்குத் தாழ்ந்திருக்கும். தரையில் புல்லுக்கடியில் சொட்டுநீர்க் குழாய் ஓடும். மூன்று டன், நான்கு டன் வண்டி ஏறினால் அது நசுங்கிவிடும், ஒரு வரிசை மரங்களுக்குத் தண்ணீர் போகாது. குழாய் எங்கே ஓடுகிறது என்று கேட்டு, குச்சி நட்டு அடையாளம் வைத்த பிறகே சக்கரம் உள்ளே வர வேண்டும். மழை பெய்த செம்மண்ணில் குதிகாலை அழுத்திப் பார்த்து, புதைந்தால் உள்ளே போகாமல் பாதையோரமே நின்றுவிடுங்கள். அணைக்குக் கீழே தென்பெண்ணையின் கரையோரத் தாழ்ந்த இடங்களைத் தவிர்த்துவிடுங்கள், மதகு திறந்தால் நீர் விரைந்து வரும்.

வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஒருவரே வழி சொல்ல வேண்டும். அவர் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். அவர் மறைந்தால் வண்டி நிற்க வேண்டும். பேருந்து நடத்துநர்கள் சொல்லும் "ரைட்", "ஹோல்டான்" இரண்டே போதும். "கொஞ்சம் இப்படி, இன்னும் அப்படி" என்றால் ஓட்டுநருக்குத் திசை விளங்காது. மற்றவர்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கட்டும்.

நின்றதும் ஹேண்ட் பிரேக், சக்கரக் கட்டை, மட்டம் பார்த்தல் என்ற வரிசையில் செல்லுங்கள். சக்கரத்துக்கு அடியில் வைக்கும் மட்டப் பலகை வேண்டுமானால் வண்டியை அதன்மேல் ஏற்றிவிட்டு மறுபடி கட்டை வைக்க வேண்டும். எரிவாயுவில் ஓடும் குளிர்பெட்டி சாய்ந்திருந்தால் சரியாகக் குளிராது. தலை தாழ்ந்து படுத்தால் தூக்கமும் வராது. அதன் பிறகுதான் படி, மின்சாரம், தண்ணீர், எரிவாயு, கடைசியாக அலமாரிகள். அலமாரியைத் திறக்கும்போது ஒரு கையைக் கதவுக்கு அடியில் வைத்துத் திறங்கள், வழியில் நகர்ந்த பொருள் சாய்ந்து நிற்கும்.

மின்சாரத்தில் ஒரு செய்தியைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். தோப்பில் கிணற்று மோட்டாருக்கு இருப்பது விவசாயத்துக்கான இலவச இணைப்பு. அதிலிருந்து உங்கள் வண்டிக்கு எடுத்தால் உரிமையாளர்தான் அபராதத்துக்கும் இணைப்புத் துண்டிப்புக்கும் ஆளாக நேரும். அவர் பெருந்தன்மையாகக் கொடுத்தாலும் மறுத்துவிட்டு, வீட்டு இணைப்பிலிருந்து, எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதனைக் கருவியால் பார்த்த பிறகு எடுத்துக்கொண்டு, யூனிட்டுக்கான பணத்தை அன்றே கொடுங்கள். வீட்டு இணைப்பு தொலைவில் இருந்தால் பேட்டரியிலேயே இரவைக் கழித்துவிடலாம். விளக்கும் மின்விசிறியும் குளிர்பெட்டியும் தாங்கும், ஏ.சி.யை விட்டுவிட வேண்டும்.

மறுநாள் காலை வண்டிக்கு அடியில் குனிந்து, எண்ணெய், குளிர்நீர், பிரேக் திரவம் ஏதும் சொட்டியிருக்கிறதா என்று தரையைப் பாருங்கள். ஏ.சி. ஓடியிருந்தால் விழுந்த வெறும் தண்ணீர் கவலைக்குரியதல்ல. சக்கரத்தின் உட்புறத்தில் வழவழப்பான ஈரம் இருந்தால் வண்டியை நகர்த்தாமல், மெக்கானிக்கைத் தோப்புக்கே வரவழையுங்கள்.